மணப்பாட்டுக் கரைக்கு நாம் போகவில்லை

பாபநாசம் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் மீனுக்குப் பொரி போடாத ஆள் நம் பக்கத்தில் இருக்க மாட்டார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளிப் போட்டதுமே படியோரத் தண்ணீர் கறுத்துத் திரளும். பெரிய பெரிய மீன்கள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வாயைப் பிளக்கும். குழந்தைகள் கீச்சிட்டுப் பின்வாங்கி, மறுபடி குனிந்து பார்க்கும். அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அது சாமி மீன். வீட்டில் தினம் மீன் குழம்பு வைக்கிறவர்கள்கூட அந்தப் படியில் தூண்டிலோடு உட்கார மாட்டார்கள். பெருமைப்பட வேண்டிய வழக்கம்தான் இது.

அந்தப் பெருமையோடு சேர்த்து இன்னொன்றையும் நாம் சொல்லி வருகிறோம். திமிங்கல வேட்டை என்ற பேச்சு எங்கேயாவது வந்தால், “அதெல்லாம் நார்வேக்காரன், ஜப்பான்காரன் செஞ்ச பாவம். நம்ம கடல்ல அப்படி ஒரு வழக்கமே கெடையாது” என்கிறோம். தமிழ்நாட்டுக் கரையில் திமிங்கல வேட்டை ஒரு தொழிலாக இருந்ததில்லை, உண்மைதான். ஆனால் அதை நம் இரக்கத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நாம் கொல்லவில்லை. கூடவே, தெரிந்துகொள்ளவும் இல்லை. இந்த இரண்டாவதைப் பற்றி நம்மில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

1973 ஜனவரி 14. பொங்கல் சமயம். மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலம் என்ற இனம். தூத்துக்குடி மாவட்டம் என்று அப்போது ஒன்று கிடையாது. அது பிரிந்தது 1986-இல். மணப்பாடும் பாபநாசமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். 147 பேருயிர்கள் நம் மாவட்டத்தின் கரையில் வந்து கிடந்தன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி விஞ்ஞானிகள் போய்ப் பார்த்து, அளந்து, ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அது ஆய்விதழ்களின் அடுக்கில் போய்ச் சேர்ந்தது. நம் ஊர்க் கல்லூரிகளில் எத்தனை விலங்கியல் பேராசிரியர்கள் வந்து போனார்கள், எத்தனை ஆண்டு மலர்கள் அச்சாயின! அந்தக் கட்டுரையைத் தமிழில் பத்துப் பக்கமாக எழுதி ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

43 ஆண்டுகள் கழித்து, அதே ஜனவரி, அதே கரை. 2016 ஜனவரி 11 மாலை தொடங்கி, திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழியிலிருந்து மணப்பாடு வரை அதே இனத் திமிங்கலங்கள் கரை ஏறின. 81 என்று எண்ணினார்கள். 45 இறந்தன. தொலைக்காட்சியில் பார்த்துத்தான் நமக்கு விஷயமே தெரிந்தது. 1973-ஐ நினைவுபடுத்த ஒரு வயதான ஆசிரியரோ, ஒரு பாட்டோ, பள்ளிக்கூடச் சுவரில் ஒரு படமோ நம்மிடம் இல்லாததால், உலகத்தில் முதல்முறையாக நடப்பதுபோல வாயைப் பிளந்தோம். “பூகம்பம் வரப்போகுது” என்று சிலர் சொன்னோம். செல்போனோடு சிலர் வண்டி ஏறினோம். பொங்கலுக்குக் கரும்பு வாங்க வேண்டியிருந்ததால் மற்றவர்கள் அதையும் செய்யவில்லை.

அந்த இரண்டு நாளும் வேலை செய்தவர்கள் மீனவர்கள். வயிறு மணலில் தட்டிக் கிடந்தவற்றை இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினார்கள். படகில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டவை திரும்பி வந்தன. மறுபடி இழுத்தார்கள். மறுபடி வந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு மிருகம், தப்ப வைத்த பிறகும் சாவதற்கே திரும்பி வருவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எப்படி இருக்கும்? நாம் அவர்களிடம் கேட்கவில்லை. இறந்தவற்றை ஜேசிபி வைத்துக் குழி வெட்டிப் புதைத்தார்கள். நாற்றம் அடங்கியதும் செய்தியும் அடங்கியது.

ஏன் திரும்பி வந்தன என்பதற்கு அந்த இனத்தின் வாழ்க்கையிலேயே பாதி விடை இருக்கிறது. பைலட் திமிங்கலம் தாய்வழிக் குடும்பமாக வாழ்வது. கிழவி, மகள், பேத்தி என்று சேர்ந்தே திரியும். நாற்பது வயதுக்குள் பெண் திமிங்கலங்களுக்குப் பேறு நின்றுவிடும். அதற்குப் பிறகும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அவை கூட்டத்தோடு இருக்கும். பேறு நின்ற பிறகும் நெடுநாள் வாழும் உயிரினங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மனிதப் பெண்ணும் அதில் ஒருத்தி. ஆழத்துக்கு இறங்கிக் கணவாய் பிடித்துத் தின்னும் இனம் இது. ஆழக்கடலில் சத்தம் எழுப்பி எதிரொலி கேட்டு வழி காண்கிறது. சரிவே தெரியாத மணல் கரையில் அந்த எதிரொலி சரியாகத் திரும்புவதில்லை. கூட்டத்தில் ஒன்று நோய்ப்பட்டோ வழிதப்பியோ கரைக்கு வந்தால், மற்றவை அதை விட்டுவிட்டுப் போவதில்லை. தண்ணீரில் மிதக்கப் பழகிய உடம்பு தரையில் தன் பாரத்தாலேயே நெஞ்சை நசுக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்கக் கடல் இல்லாமல், வெயிலில் அந்த வழுவழுப்பான கறுப்புத் தோல் கொப்புளித்து உரியும். சாவதற்கு மணிக்கணக்காகும்.

இதே பாசத்தைத்தான் வேட்டைக்காரர்கள் பயன்படுத்தினார்கள். வட அட்லாண்டிக்கில் பரோயே தீவுக்காரர்கள் இதன் உறவினமான நீளத் துடுப்பு பைலட் திமிங்கலங்களைப் படகுகளால் வளைத்து, ஆழமில்லாத குடாவுக்குள் ஓட்டிவந்து கொல்கிறார்கள். ஒன்று சிக்கினால் கூட்டம் முழுக்கச் சிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 1584 முதலே எத்தனை கொன்றோம் என்ற கணக்கை அவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கறியை ஊருக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கொலையை நாம் ஏற்க முடியாது. ஆனால் நூற்றாண்டுகளாக எந்தக் குடாவுக்கு எந்த மாதம் எத்தனை வந்தது என்று எழுதிவைத்திருக்கிற ஒரு சிறு தீவுக்கூட்டத்தின் முன்னால், 43 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நினைவில் வைத்திருக்க முடியாத நாம், அருளாளர்கள் என்று எப்படி நிமிர்ந்து நிற்பது?

வேட்டைக்குப் போனவர்களின் வாழ்க்கையும் நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒன்று. 1840-களில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு, நான்டுக்கெட் போன்ற துறைகளிலிருந்து 700-க்கும் மேற்பட்ட வேட்டைக் கப்பல்கள் ஓடின. ஒரு பயணம் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு நீளும். இந்துமாக்கடலுக்கும் வந்தார்கள், இலங்கையைச் சுற்றிய கடல் ஸ்பெர்ம் திமிங்கலத்துக்குப் பேர்போன இடங்களில் ஒன்று. திமிங்கலம் கண்ணில் பட்டதும் கப்பலிலிருந்து சிறு படகுகளை இறக்குவார்கள். படகுக்கு ஆறு பேர். ஈட்டி பாய்ந்ததும் திமிங்கலம் ஓடும். தொட்டியில் சுருட்டி வைத்திருந்த கயிறு பறந்து வெளியேறும் வேகத்தில் மரம் புகையும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கயிற்றுச் சுருளில் கால் மாட்டினால் ஆள் போனதுதான். கொன்றதைக் கப்பலோடு அணைத்துக் கட்டி, கொழுப்பைப் பட்டை பட்டையாக உரித்து, மேல்தளத்திலேயே செங்கல் அடுப்பில் பதித்த இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சுவார்கள். விறகு தீர்ந்தால் உருக்கி எடுத்த கொழுப்பின் சக்கையையே அடுப்பில் போடுவார்கள். திமிங்கலத்தின் உடம்பே அதன் எண்ணெயைக் காய்ச்சும். இரவெல்லாம் கரும்புகை. ஆட்கள் தலைமுதல் கால்வரை எண்ணெயில் ஊறி நிற்பார்கள்.

கூலி கிடையாது, பங்குதான். புதிதாக ஏறிய ஆளுக்கு மொத்த வருமானத்தில் 175-இல் ஒரு பங்கு, 200-இல் ஒரு பங்கு என்று எழுதுவார்கள். கப்பலில் வாங்கிய உடுப்பும் புகையிலையும் அந்தப் பங்கில் கழிக்கப்படும். நான்கு ஆண்டு கழித்து இறங்கும்போது கடனோடு இறங்கியவர்கள் உண்டு. கறுப்பினத்தவர், கேப் வெர்டே தீவுக்காரர், பசிபிக் தீவுக்காரர் என்று போக்கிடம் குறைந்தவர்கள் நிறைய அதில் இருந்தார்கள்.

இந்தக் கதை தூத்துக்குடிக் கரைக்காரருக்குச் சொன்னால் உடனே புரியும். டீசலும் ஐஸும் கழித்து, படகுக்குப் போக மிச்சத்தைப் பங்கு வைப்பது அவர்கள் தினசரி வாழ்க்கை. முத்துக்குளித்தலிலும் பங்குதான். பிரிட்டிஷ் அரசு நடத்திய சலாபங்களில் கல்லைக் காலில் கட்டி மூச்சடக்கி இறங்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்குச் சிப்பி. மூன்றில் இரண்டு அரசுக்கு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் அதில் பங்கு உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961-இல் நடந்து முடிந்தது. கொற்கை முத்து என்று மேடைக்கு மேடை பேசினோம். ரோமாபுரி வரை போயிற்று என்றோம். குளித்தவனின் காது கிழிந்ததையும் நுரையீரல் கெட்டதையும் அவன் வாயால் கேட்டு நாம் எழுதிவைத்த பக்கங்கள் மிகக் கொஞ்சம். முத்தின் பெருமை மேட்டுக்கு வந்தது. மூச்சு கடலடியில் போயிற்று.

பாபநாசத்திலிருந்து கடல் என்ன அவ்வளவு தூரமா? நம் படித்துறையில் ஓடும் ஆறு பொதிகையில் பிறந்து கடலில் சேரும்வரை மொத்தமே 130 கிலோமீட்டருக்குள்தான். நம் புராணமே நமக்கு வழி சொல்லியிருக்கிறது. அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் முக்தி வேண்டியபோது, அகத்தியர் ஒன்பது தாமரைப் பூக்களை ஆற்றில் விட்டார். அவை ஒதுங்கிய இடங்களில் சிவனை வழிபட்டு, கடைசியில் ஆறு கடலில் சேரும் சங்குமுகத்தில் நீராடச் சொன்னார். அதுதான் நவகயிலாயம். முதல் கயிலாயம் பாபநாசம். ஒன்பதாவது சேர்ந்தபூமங்கலம். மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் சிறப்புப் பேருந்து விட்டு ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிறோம். ஒன்பதாவது கோயிலில் தீபாராதனை பார்த்ததும் பேருந்து திரும்புகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் புன்னைக்காயல், கழிமுகம். முனிவருக்குச் சொல்லப்பட்ட கடைசிக் கடமை அந்த நீராட்டு. அதை மட்டும் நாம் விட்டுவிட்டோம். கடற்கரை என்றால் வேறு சாதி, வேறு சாமி, மீன் வாடை என்று மூக்கைச் சுளித்த பழக்கம் அந்தப் பேருந்தின் வழித்தடத்திலேயே பதிந்து கிடக்கிறது. திருச்செந்தூரில் கடலில் இறங்குகிறோமே என்று கேட்கலாம். முழங்கால் தண்ணீரில் மூன்று முழுக்குப் போட்டு, நாழிக்கிணற்றில் உப்பைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த இடத்திலிருந்து ஆலந்தலை நடந்துபோகிற தூரம்.

மலையடிவாரத்துக்கும் திமிங்கலத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருந்தோம். தொடர்பு இருந்தது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை போட்டார்கள். அந்த ஆலைதான் நம் வட்டாரத்துக்குச் சங்கும் ஷிப்ட்டும் கொண்டுவந்தது. லங்காஷயரில் பிறந்த அந்த நூற்புத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்பிண்டிலுக்குப் போட்ட மிகச் சிறந்த எண்ணெய் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். வேகமாகச் சுற்றும் கதிர் சூடாகிப் பிடித்துக்கொள்ளாமல் அது காத்தது. 1859-இல் அமெரிக்காவில் தரையைத் துளைத்துக் கச்சா எண்ணெய் எடுத்த பிறகுதான் திமிங்கலத்தின் இடத்தைக் கனிம எண்ணெய் மெல்லப் பிடித்தது. விக்கிரமசிங்கபுரத்தில் கதிர் சுற்றத் தொடங்கும்போது, அந்தக் கதிரைக் கண்டுபிடித்த தொழில் ஏற்கெனவே ஒரு பெருங்கடல் உயிரை ஏராளமாகத் தின்றிருந்தது. மூன்று தலைமுறை ஆலைத் தொழிலாளிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். கூலி, போனஸ், சங்கம், போராட்டம் எல்லாம் பேசினோம். நூலின் வரலாற்றில் இப்படி ஓர் இழை உண்டு என்று எந்தத் தொழிற்சங்க வகுப்பிலும் பேசியதில்லை.

சோப்பையும் சொல்ல வேண்டும். சன்லைட் சோப்பு 1888-இலேயே கல்கத்தாவில் வந்திறங்கியது. பிறகு நம் படித்துறைக் கற்கள் வரை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிங்கல எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறை வந்ததும், சோப்புக்கும் மார்ஜரினுக்கும் அது மலிவான மூலப்பொருளாயிற்று. சன்லைட்டின் முதலாளிகளான லீவர் சகோதரர்கள் 1919-இல் ஒரு திமிங்கல வேட்டைக் கம்பெனியையே விலைக்கு வாங்கினார்கள். வெடிகுண்டு வைத்த ஈட்டி, நீராவிக் கப்பல், 1925 முதல் பின்புறம் சரிவுப்பாதை வைத்து முழுத் திமிங்கலத்தையும் மேலே இழுத்து அறுக்கும் தொழிற்சாலைக் கப்பல் என்று வேட்டை மாறியது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்டவை ஏறக்குறைய 29 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளாவி வைத்து வேட்டி வெளுத்த அந்த நூற்றாண்டு முழுவதும் நாமும் அந்தச் சந்தையில் நின்றுதான் சாமான் வாங்கினோம்.

எல்லாவற்றையும்விட நெஞ்சை உறுத்துவது 1966. சோவியத் ஒன்றியத்தின் ஸ்லாவா, சோவியத்ஸ்கயா உக்ராயினா என்ற இரண்டு வேட்டைக் கப்பற்படைகள், அண்டார்டிக்கா போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நம் கடலில் புகுந்தன. 1963 முதல் 1967 வரை அவை இந்துமாக்கடலின் வடபகுதியில் கொன்ற நீலத் திமிங்கலங்கள் 1,294. ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் கூனல் திமிங்கலங்கள் 242. அவற்றில் பெரும்பகுதி 1966 நவம்பர் ஒரே மாதத்தில். எல்லாம் சர்வதேச விதிகளுக்கு மாறாக. சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்துக்குப் பொய்க் கணக்கு கொடுத்தார்கள். ரஷ்ய விஞ்ஞானி அலெக்சேய் யாப்லகோவ் 1993-இல் உண்மையை வெளியிட்டார். அரபிக்கடலின் கூனல் திமிங்கலம் மற்ற கூனல்களைப்போல் துருவத்துக்குப் போய்வருவதில்லை. ஆண்டு முழுவதும் இந்தக் கடலிலேயே வாழ்கிறது. அந்த 242 போன பிறகு அது இன்றுவரை தலையெடுக்கவில்லை. ஓமன் கரையோரம் நூற்றுக்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளில் ‘சோவியத் நாடு’ பத்திரிகை நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் வழுவழுத்தாளில்தான் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டோம். ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தோம். அந்த நேசத்தில் பொய் இல்லை. ஆனால் நம் கடலில் யாருடைய கப்பல் என்ன செய்கிறது என்று கேட்கும் பழக்கம் நம் படிப்பாளிகளுக்கு இல்லை. எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த நாடு அப்போது இது. கேட்கும் நிலையில் இல்லை என்பது ஓரளவு நியாயம். 1993-க்குப் பிறகாவது கேட்டிருக்கலாம். இந்துமாக்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக 1979-இல் அறிவிக்கச் சர்வதேச ஆணையத்தில் முன்னின்றது சேஷெல்ஸ் என்ற சின்னஞ்சிறு தீவு நாடு. இந்தியா அந்த ஆணையத்தில் சேர்ந்ததே 1981-இல்.

நாம் கொல்லவில்லை என்றேன். அதுவும் முழுக்க உண்மையில்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆவுளியா என்கிற கடல்பசு உண்டு. கடற்புல் மேயும் சாதுவான பாலூட்டி. குட்டியை நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுப்பது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அதை வலைபோட்டுப் பிடித்துக் கறி விற்றார்கள். அதன் கொழுப்பு மருந்து என்று நம்பி வாங்கினார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் மறைவாக விற்பனை நடந்தது. இன்று இந்தியக் கடல் முழுவதிலும் சேர்த்து சுமார் 200 மட்டுமே இருப்பதாகச் சொல்கிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விடுகிற மீனவர்களுக்கு இப்போது சன்மானம் கிடைக்கிறது. அறுந்த வலையின் விலை அந்த வீட்டுக்கு எத்தனை நாள் சோறு என்று கரைக்காரர்களுக்குத் தெரியும். மேட்டிலிருந்து பாராட்டுகிற நாம் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது நமக்குத் திமிங்கலத்தைப் பற்றித் தெரிந்த ஒரே சொல் அம்பர்கிரிஸ். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றித் திரளும் மெழுகு அது. கிலோ கோடி ரூபாய் என்று வாட்ஸப்பில் வந்ததால் தெரியும். திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கத்தில் அதைக் கடத்தியவர்கள் பிடிபட்ட செய்தி வந்தால் விலையை மட்டும் படிக்கிறோம்.

எழுத்துக்காரர்கள் பக்கமும் குறை இருக்கிறது. திருநெல்வேலி எழுத்து என்றால் வயல், ரதவீதி, ஆலை, ஆற்றங்கரை என்று ஒரு பெரிய உலகத்தையே கட்டிவிட்டோம். கடலுக்கு அப்படி ஒரு நாவல் கிடைக்க, உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’ எழுதும் வரை காத்திருந்தோம். கட்டுமரத்தில் சுறாவோடு மல்லுக்கட்டியவர்களின் உலகம் அதில்தான் நமக்கு முழுசாகத் தெரிந்தது. அந்தக் கரைகளில் நூற்றாண்டுகளாக அது நடந்துகொண்டுதான் இருந்தது. நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை.

ஆற்றின் வழியே நாம் கடலுக்கு அனுப்பியது என்ன என்பதை பாபநாசம் படித்துறையில் காலை வைத்தாலே தெரிந்துகொள்ளலாம். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீருக்கடியில் வேட்டியும் புடவையும் பாறையில் சுற்றி, பாசி ஏறி, காலைப் பிடித்து இழுக்கும். தன்னார்வலர்கள் லாரி லாரியாக அள்ளுகிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடி சேர்கிறது. பொரி தின்னும் அதே சாமி மீன்கள் அந்தத் துணிகளுக்கு நடுவில்தான் நீந்துகின்றன. கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் தண்ணீர் கொஞ்சம்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஆறு எல்லா அணையையும் மேவிக்கொண்டு ஓடியது. பாபநாசம் தொடங்கி ஏரல் வரை கரையில் நாம் ஆண்டுக்கணக்காகக் குவித்து வைத்திருந்த பிளாஸ்டிக்கும் துணியும் குப்பையும் எத்தனையோ அந்த வெள்ளத்தோடு மன்னார் வளைகுடாவுக்குப் போயின. ஆழத்தில் கணவாய் தேடும் மிருகத்துக்குப் பாலித்தீன் பையும் கணவாயும் ஒன்றுபோலத் தோன்றும். 2018-இல் இந்தோனேசியாவில் ஒதுங்கிய ஒரு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வயிற்றில் ஆறு கிலோ அளவுக்குப் பிளாஸ்டிக் இருந்தது. அது நம் கழிமுகத்துக் கதையில்லை என்று ஒதுக்கும் துணிவு நமக்கு இருக்கக் கூடாது.

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மறுபடி ஒரு ஜனவரியில் அவை வந்தால் என்ன செய்வது என்பதைக் கரையோரப் பள்ளிகளிலும், கூடவே மேட்டுப் பள்ளிகளிலும், எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது; எலும்பு விலகிவிடும். தலைமேல் உள்ள மூச்சுத்துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. நிமிர்த்தி வைத்து, ஈரத்துணி போர்த்தி, துளையை மட்டும் விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் சேர விடக் கூடாது. வனத்துறைக்கு உடனே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாக இழுத்து விடுவதைவிட, கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்து ஆழத்துக்கு நடத்துவதுதான் பலன் தரும் என்று நியூசிலாந்துக் கரைகளில் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். இது 2016-இல் நம் கரையில் யாருக்காவது தெரிந்திருந்தால், அந்த மீனவர்கள் கொடுத்த உழைப்பில் இன்னும் சில உயிர்களாவது பிழைத்திருக்கலாம்.

இன்னொரு வேலை அதைவிட அவசரம். 1973-இல் மணப்பாட்டிலும் குலசேகரப்பட்டினத்திலும் ஆலந்தலையிலும் இருபது வயதில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அம்பாசமுத்திரத்திலும் பாளையங்கோட்டையிலும் நம் பிள்ளைகள் வரலாறும் விலங்கியலும் படிக்கிறார்கள். ஒரு குறிப்பேட்டோடு திருச்செந்தூர் பேருந்தில் ஏறினால் போதும். அன்றைக்கு எந்தக் காற்று அடித்தது, நீரோட்டம் எந்தப் பக்கம் இருந்தது, முதலில் யார் பார்த்தார், எந்த இடத்தில் ஏறின, குட்டிகள் இருந்தனவா, சத்தம் போட்டனவா, அதற்கு முன்னால் உங்கள் அப்பா காலத்தில் இப்படி வந்ததாகச் சொன்னதுண்டா, 2016-இல் மறுபடி பார்த்தபோது என்ன தோன்றியது என்று தாத்தாக்களிடமும், கரையில் நின்று பார்த்த பாட்டிகளிடமும் கேட்டு, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும்.